இரண்டு வாளித் தண்ணீர்

என் கணவர் தன் உள்ளாடைகளைத் தானே துவைக்கத் தொடங்கிய வாரத்தில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட அலசிப் போட்டதில்லை அவர். அப்படிப்பட்ட மனிதர், ஜனவரி மாதத்துக் குன்னூர்க் குளிரில், எனக்கு முன்னால் எழுந்து குளியலறையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தது தண்ணீர். சிறுநீர் கழித்துவிட்டு ஒரு குவளை ஊற்றிவிட்டு வருகிறவர், இரண்டு வாளி ஊற்ற ஆரம்பித்தார். எங்களுக்குக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். பிடித்து வைக்கிறவள் நான். வாளி காலியானால் எனக்குத் தெரியாமல் இருக்காது.

“ஏனுங்க, உள்ள போயி என்னதான் பண்றீங்க? தண்ணிய இப்பிடிக் கொட்டறீங்க?”

“சுத்தமா இருக்கோணும்ல, சரோஜா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

திடீரென்று சுத்தம் பேசும் கணவனை எந்த மனைவி நம்புவாள்?

இதைப் படிப்பவர்களில் கிறிஸ்தவ ஊழியத்துக்காக வெளிநாடு போய் வந்தவர்கள் இருக்கலாம். அவர்களை எதிர்பார்த்து வீட்டில் இருந்தவர்களும் இருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் இது அற்புத சுகம் பெற்ற சாட்சி அல்ல. என் சாட்சியில் பாதி, நான் என் கணவரை வேவு பார்த்த கதை.

அவர் பெயர் தேவராஜ். ஜெகதளாவுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் ஃபீல்டு சூப்பர்வைசராக இருந்தார். தேயிலை விலை விழுந்த அந்த வருடங்களை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பறித்த கூலிக்குக்கூட இலை தேறாமல், சிறு விவசாயிகள் பறிப்பதையே நிறுத்தினார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடிகள் மரமாகிப் போயின. எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியும் ஒரு நாள் மூடப்பட்டது.

மூடிய அதே மாதத்தில் ஒரு ஊழிய சங்கத்தின் அறிவிப்பு சபைக்கு வந்தது. மலாவி நாட்டில், ஒரு பெரிய ஏரியை ஒட்டிய தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் மக்களிடையே ஊழியம் செய்ய, தேயிலை தெரிந்த ஆள் வேண்டும் என்று. இவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்து, “கர்த்தர் கதவத் தொறந்துட்டாரு சரோஜா” என்றார்.

“எஸ்டேட் கதவு மூடுன பொறகுதான் அந்தக் கதவு உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதாக்கும்?” என்று கேட்டேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு நான்கு வருட ஊழியத்துக்குக் கிளம்பிவிட்டார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் கோயம்புத்தூரில் மளிகைக் கடை வைத்திருந்த இந்துக் குடும்பத்துப் பெண். இவரைக் கட்டிய பிறகு ஞானஸ்நானம் எடுத்தேன். எங்கள் சபையில் முழுக்கு ஞானஸ்நானம்தான்; தலை முழுவதும் தண்ணீருக்குள் போய் வர வேண்டும். மலைமேல் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும் என்பதால் எல்லாரும் பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி, பவானி ஆற்றில் எடுப்பது வழக்கம். கொடுக்கிறவர் முதலில் இறங்குவார்; கடைசி ஆள் கரையேறும்வரை அவர் கரையேறக் கூடாது. அதுவும் வழக்கம்தான், சட்டம் ஒன்றுமில்லை.

மலாவியிலிருந்து இவர் எழுதிய ஜெபக் கடிதங்களில் (ஊழியத்தில் இருப்பவர் தன்னைத் தாங்குகிறவர்களுக்கு அவ்வப்போது எழுதுவது) அந்த ஏரியைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். “எவ்வளவு நேரம் நின்றாலும் குளிராத தண்ணீர். நம் ஊரில் நினைத்துப் பார்க்க முடியுமா?” என்று எழுதியிருந்தார். சபையில் அதை வாசித்தபோது ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்திருந்தவர்கள் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து என்னையும் வரச் சொன்னார். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகளிடம் பாத்திரங்களைக் கொடுத்துவிட்டு, மாட்டையும் விற்றுவிட்டுப் போனேன். போய் மூன்றே மாதம். சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: நிர்வாகக் காரணங்களால் அந்த ஊழிய நிலையம் மூடப்படுகிறது, இருவரும் திரும்பி வரவும்.

நிர்வாகக் காரணம் என்றால் என்ன காரணம்? நான் கேட்டபோது, “தெரியல, கர்த்தருக்குத் தெரியும்” என்றார். அந்தப் பதில் அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை. செப்டம்பரில் ஊர் திரும்பினோம். ஜனவரியில் துணி துவைக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் அவர் வாளியைத் தூக்குவதற்குள் மூடிக் கிடந்த ஃபேக்டரிப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டு வெளியே போய்விட்டார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது.

“பீட்ரூட்டு” என்றார் கேட்டதற்கு.

ஊட்டிப் பக்கம் பீட்ரூட்டுக்குக் குறைவில்லை, நாங்களும் அடிக்கடி சாப்பிடுவோம். சரி என்று தலையாட்டிவிட்டு, அன்றிலிருந்து பீட்ரூட் வாங்குவதையே நிறுத்தினேன். பத்து நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பதினோராவது நாள் அவருடைய லுங்கியில் ஒரு சொட்டு இருந்தது. லுங்கியை அவர் முன்னால் விரித்தேன்.

“இதுவும் பீட்ரூட்டுங்களா?”

மனிதர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதமாக இப்படித்தான் என்றார். வலி இல்லை, சிறுநீர் முடியும்போது மட்டும் இரத்தம் வருகிறது என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மட்டும் கடைசிவரை பிடி கொடுக்கவில்லை.

குன்னூரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் முதலில் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்தார். இரண்டு முறை கொடுத்தும் நிற்கவில்லை. கல்லாக இருக்கலாம் என்றார், கல் இல்லை. மூன்றாம் முறை போனபோது, “எந்த நாட்டுல இருந்தீங்க?” என்று கேட்டார். சொன்னதும் பேனாவை மூடி வைத்தார்.

“அம்மா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க.”

அந்தக் கதவு மூடியதை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. எதிரில் சுவரில் எடை பார்க்கும் அட்டவணை. நான் கதவின் கீழ் இடுக்கில் தெரிந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவர் கையில் ஒரு சீட்டு இருந்தது. “சும்மா ஒரு பொது டெஸ்ட்டு” என்றார். லேபில் அவர் ஊசிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தபோது நான் சீட்டைப் படித்தேன். எச்.ஐ.வி. (உடலின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் கிருமி) என்று எழுதியிருந்தது.

அந்தக் காலத்தில் அந்த மூன்றெழுத்தைக் கேட்டாலே ஆளை ஒதுக்கிவிடுவார்கள். நானும் ஒதுக்குகிறவர்களில் ஒருத்தியாகத்தான் இருந்தேன். அதுவும் மருந்துள்ள ஒரு நோய்தான் என்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இவர் இரண்டு வருடம் அங்கே தனியாக இருந்தார்.

அதன்பின் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டே வந்தது. தானே துணி துவைத்தது, இரண்டு வாளித் தண்ணீர், ‘நிர்வாகக் காரணங்கள்’. யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள், அதனால்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று தீர்மானித்துவிட்டேன்.

முடிவு ‘இல்லை’ என்று வந்தது. எதற்கும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம் என்றார் டாக்டர். இவருக்கு ‘இல்லை’ என்ற சொல் போதுமாக இருந்தது. எனக்கு ‘எதற்கும்’ என்ற சொல்தான் காதில் விழுந்தது.

அவர் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு பகலில் அவருடைய பெட்டியைக் கிளறினேன். கடிதங்களைத் துருவித் துருவிப் படித்தேன். ஒன்றும் இல்லை. கடைசியில் அவருடைய வேதாகமத்தின் பின்னட்டைக்குள் ஒரு போட்டோ இருந்தது. மற்ற போட்டோக்கள் எல்லாம் ஆல்பத்தில் இருக்க, இது மட்டும் தனியாக.

ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இவர் நிற்கிறார். ஒரு கை மேலே உயர்ந்திருக்கிறது. இன்னொரு கை ஒரு பெண்ணின் முதுகைத் தாங்கியிருக்கிறது. வெள்ளை அங்கி, முதுகோடு ஒட்டிய ஈரம். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பின்னால் நாணல்.

ஞானஸ்நானம் என்று பார்த்தவுடன் தெரியும். ஆனால் இத்தனை பேருக்குக் கொடுத்தவர் ஏன் இவளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்? அந்தப் போட்டோவை என் கைப்பைக்குள் போட்டேன். உரிய நேரத்தில் எடுத்து வீசலாம் என்று இருந்தேன். ஜெபம் பண்ண முட்டி போட்டால் அந்த முதுகுதான் கண்ணில் நின்றது. “ஆண்டவரே, இந்த மனுசன நம்பித்தானே உம்மையும் நம்புனேன்” என்று அழுதேன். அதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

மார்ச்சில் இரத்தம் அதிகமானது. கோயம்புத்தூரில் என் அண்ணன் தனக்குத் தெரிந்த ஒரு சிறுநீரகச் சிகிச்சை டாக்டரிடம் அழைத்துப் போனார். வழியில் அண்ணன் சும்மா வரவில்லை.

“மாப்பிள்ள சாமிக்காகத்தானே போனாரு, அந்தச் சாமி பாத்துக்க வேண்டாமா அம்மிணி?”

“நீ சும்மா வாண்ணா” என்றேன். ஆனால் அதே கேள்வி என்னிடமும் இருந்தது. அவர் கேட்டுவிட்டார், நான் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்கேனில் சிறுநீர்ப்பையின் சுவர் ஒரு பக்கம் தடித்திருந்தது. கட்டியாகவும் இருக்கலாம் என்றார் அந்த டாக்டர் அம்மா. சிஸ்டோஸ்கோப்பி (மெல்லிய குழாய்க் கருவியை உள்ளே விட்டுச் சிறுநீர்ப்பையைப் பார்ப்பது) செய்து, பயாப்சிக்கு (சந்தேகமான இடத்திலிருந்து சிறு துணுக்குச் சதை எடுத்துச் சோதிப்பது) அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம்.

அந்த வாரத்தைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. புற்றுநோயாக இருக்கலாம் என்று தெரிந்தும் என் மனம் அந்தப் போட்டோவை விடவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன், குழாய் விட்ட எரிச்சலில் அவர் முனகியபோது கூடவே உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்த்து, பயப்படாதீங்க என்று சொல்லவில்லை. அவர் இறந்துபோனால் அந்தப் பெண் யார் என்று யாரிடம் கேட்பது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களின் மனம் எப்போதும் புனிதமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முடிவு சொல்ல அழைத்தபோது டாக்டர் அம்மாவின் முகத்தில் ஏதோ வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி ஒரு தெளிவு.

“கேன்சர் இல்லீங்க. ஆனா உள்ள முட்டை இருக்குது.”

“முட்டைங்களா?” என்றேன்.

“புழுவோட முட்டைங்க. ஒரு முனையில குட்டியா முள்ளு இருக்கும். எங்க லேபு டாக்டர் படிக்கறப்ப புஸ்தகத்துல பாத்ததாம், நேர்ல இதுதான் மொதத் தடவை. மத்த டாக்டருங்களக் கூப்புட்டுக் காட்டிட்டு இருக்கறாரு.”

பில்ஹார்சியா என்று பெயர் சொன்னார் (நன்னீர் நத்தை வழியாகப் பரவும் புழு நோய்). ஆப்பிரிக்காவின் ஏரிக்கரைகளில் சாதாரணம். நம் ஊர் டாக்டர்கள் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. நாணலில் ஒட்டி வாழும் நத்தைகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகள் தண்ணீருக்குள் வரும். அதில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பிறகு சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களில் ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து, பிரியாமல், வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தும். எங்களைவிட ஒற்றுமையான தம்பதிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

“அங்க ஏரியில எறங்கி நின்னீங்களா?” என்று இவரைக் கேட்டார்.

“இல்லீங்க டாக்டர். முதலை பயம். எப்பவும் பக்கெட்டுலதான் குளிப்பேன்.”

“நல்லா யோசிங்க. துணி துவைக்க, மீன் பிடிக்க?”

“ஏரிப்பக்கமே போக மாட்டேனுங்க.”

பொய் சொல்லவில்லை அவர். அவருடைய கணக்கில் அது தண்ணீரில் நிற்பதே இல்லை, அது ஆராதனை. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. கைப்பையைத் திறந்து அந்தப் போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர்மேல் வீசுவதற்காக எத்தனையோ நாளாகச் சுமந்த அதே போட்டோ.

டாக்டர் அதைக் கையில் எடுத்தார். பெண்ணைப் பார்க்கவில்லை. நாணலைத்தான் விரலால் தொட்டார்.

“இதுல எவ்வளவு நேரம் நின்னீங்க?”

இவர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். “அன்னிக்கு முப்பத்திநாலு பேருங்க. ஒவ்வொருத்தருக்கும் ஜெபம். மூணு மணி நேரம் இருக்கும். அப்புறமும் நாலஞ்சு தடவை” என்றார். “அலை இல்லாம வெதுவெதுன்னு இருக்கற எடமாப் பாத்துத்தான் நின்னேன்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்களும் அங்க போனீங்களா?”

“மூணு மாசங்க.”

“தண்ணியில?”

“எறங்கலீங்க” என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. “ஞானஸ்நான அங்கிகள மட்டும் துவைச்சேன். அந்த எடத்துலயேதான். முழங்கால் வரைக்கும் நின்னு.”

“அப்ப நீங்களும் டெஸ்ட்டு பண்ணோணும். பயப்படாதீங்க, இது ஒருத்தருகிட்ட இருந்து இன்னொருத்தருக்கு வராது. தண்ணியில இருந்து மட்டுந்தான் வரும்.”

இந்தப் புழுவின் முட்டைகள் நண்பகலில்தான் அதிகம் வெளியே வருமாம். அதுவும் உடம்பு கொஞ்சம் அசைந்த பிறகு. அதனால் பன்னிரண்டு மணிக்கு மாடிப்படியைப் பத்து நிமிடம் ஏறி இறங்கிவிட்டுச் சிறுநீர் கொடுக்கச் சொன்னார்கள். நான் தனியாக ஏறி இறங்கினேன். இவர் கீழே பெஞ்சில், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்த முதுகைப் பார்த்தேன்.

எனக்கும் இருந்தது. சில மாதங்களாக அவ்வப்போது பட்ட இரத்தத்தை மாதவிடாய் நிற்கும் வயது என்று ஒதுக்கியிருந்தேன். அவருடைய லுங்கியில் ஒரு சொட்டைத் தேடிக் கண்டுபிடித்தவள், என் துணியில் இருந்ததைச் சந்தேகப்படவே இல்லை.

பஸ் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியது. பர்லியாறில் நின்றபோது இவர் கேட்டார்.

“அந்தப் போட்டோ உன்ற பையில எதுக்கு இருந்துச்சு?”

சொன்னேன். எதையும் பூசி மெழுகாமல், டாக்டர் கதவு மூடியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அது அங்கத்திப் பாஸ்டரோட மாமியாரு” என்றார். “அறுவத்தஞ்சு வயசு. நான் மொதமொதல்ல ஞானஸ்நானம் குடுத்த ஆளு. அதனால வெச்சிருந்தேன்.”

“பின்னால இருந்து பாத்தா வயசு தெரியலீங்க” என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் அபத்தம் எனக்கே உறைத்தது. அவர் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நீ என்னைச் சந்தேகப்பட்ட. நானும் சந்தேகத்துலதான் இருந்தேன்” என்றார். “ரத்தத்தப் பாத்த அன்னிக்கு, கர்த்தர் அடிச்சிட்டாருன்னு நெனச்சேன். வேலை போன பயத்துல ஓடிப்போயி, அதுக்கு அழைப்புன்னு பேரு வெச்சதுக்குத்தான் இதுன்னு. எஸ்டேட் மூடாம இருந்திருந்தா நான் போயிருப்பனா, சரோஜா? நீ அன்னிக்குக் கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதான் உங்கிட்டச் சொல்லல.”

இத்தனை நாளாக நான் தேடிய ரகசியம் இதுதான். கதவைப் பற்றி நான் சொன்ன ஒரு நக்கல் வார்த்தை, கடல் தாண்டிப் போய், இந்த மனிதரோடு இரண்டு வருடம் குடியிருந்திருக்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குன்னூர் வரும்வரை விடவில்லை.

மருந்து ஒரே நாள். நாடாப்புழுவுக்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான். எடைக்குத் தக்கபடி காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. வாயில் வைத்திருந்தால் குமட்டும் கசப்பு. எதிரெதிரே உட்கார்ந்து, ஜெபம் பண்ணிவிட்டு விழுங்கினோம். சில வாரம் கழித்து இன்னொரு முறை. முழுதாக மூன்று மாதம் பட்ட பாட்டுக்கு இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இவர் செய்த அடுத்த வேலை, மலாவிப் பாஸ்டருக்குக் கடிதம் எழுதியது. அந்த முப்பத்திநாலு பேரும் அதே தண்ணீரில்தானே நின்றார்கள் என்ற கவலை அவரைத் தூங்கவிடவில்லை. பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. பணிவான கடிதம்.

அந்தத் தண்ணீரைப் பற்றி அங்கே எல்லாருக்கும் தெரியுமாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதற்கு மாத்திரை கொடுப்பார்களாம். அதனால்தான் ஆலயத்துக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டி வைத்து, முதல் நாளே அதைக் காட்டினார்களாம். “நீங்கள் அவ்வளவு விசுவாசத்தோடு ஏரியில் இறங்கினீர்கள். தடுக்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது” என்று எழுதியிருந்தார். இப்போது எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தாயிற்று, தொட்டிக்கே திரும்பிவிட்டோம் என்றும் எழுதியிருந்தார். கூடவே ஒரு செய்தி: சங்கத்துக்கு ஆதரவு குறைந்துபோனதால் அந்த நாட்டில் எல்லா நிலையங்களையும் மூடிவிட்டார்களாம். நிர்வாகக் காரணம் என்பது நிர்வாகக் காரணமேதான்.

இவர் அந்தத் தொட்டியை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஏரிவரை நடக்கச் சோம்பல்பட்டுத் தொட்டி கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். பிறகு மெல்ல, “கர்த்தர் மொத நாளே சொல்லியிருக்காரு. எனக்குத்தான் காது கேக்கல” என்றார்.

“அப்பிடிச் சொல்லி அவரத் தப்பிக்க விடாதீங்க” என்றேன். இன்றும் என் நிலை அதுதான். கர்த்தருக்காக நின்ற தண்ணீரில் ஏன் இப்படி என்று கேட்கிறேன், பதில் வரவில்லை. ஆனால் முன்பெல்லாம் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பேன். இப்போது முட்டி போட்டு நேரிலேயே கேட்கிறேன். நம்பிக்கை என்று எனக்கு இருப்பது அவ்வளவுதான்.

உங்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. டாக்டரிடம் எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே என்ன செய்தீர்கள், எதில் நின்றீர்கள், எதைத் தொட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். ‘ஊழியம்’ என்ற ஒரே வார்த்தைக்குள் எங்கள் நோய் ஒளிந்துகொண்டிருந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. நண்பகலில் மறுபடியும் அதே மாடிப்படி. இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து ஏறி இறங்கினோம். வரிசையில் இருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஐம்பதை நெருங்கும் இருவர், காரணமில்லாமல் ஏறுவதும் இறங்குவதும், நடுவில் நின்று மூச்சு வாங்கிச் சிரிப்பதும். யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். இருவருக்கும் முட்டை இல்லை.

இவர் இப்போது ஜெகதளாவில் பச்சை இலை எடை போடும் ஷெட்டில் வேலை செய்கிறார். தேயிலை விலை இன்னும் எழவில்லை. இன்னொரு நாட்டுக்குக் கூப்பிட்டால் போவீர்களா என்று கேட்டேன். “முதல்ல தொட்டி எங்க இருக்குதுன்னு கேப்பேன்” என்றார்.

எனக்கு நேரம் மாறிப்போய்விட்டது. முன்பு நண்பகல் என்றால் சோறு வடிக்கும் நேரம், அவ்வளவுதான். இப்போது பன்னிரண்டு மணி ஆனதும், என் உடம்புக்குள் யாரோ எழுந்து நடப்பதுபோல ஒரு நினைப்பு வந்து, கை தானாக அடிவயிற்றுக்குப் போகிறது. எனக்குத் தெரியாமல் என்னோடு வாழ்ந்தவர்கள் போய்விட்டார்கள் என்று லேபில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளை இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

நேற்று மதியம் இவர் சாப்பாட்டுக்கு வந்தார். வந்தவுடன் குளியலறைக்குப் போனார். நான் அடுப்பைத் தணித்துவிட்டு, பழக்க தோஷத்தில், கதவருகே போய் நின்றேன். உள்ளே குவளை வாளியில் மோதும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றினார். ஒரே ஒரு குவளை.

நான் கதவைத் திறக்கவில்லை. போய்ச் சோறு போட்டேன்.